சேர் ‘ம்’ சொல்லும் வரை

சுரேகா வெட்டினாள். கத்தரி மூடிய மறுகணமே அது வெட்டக்கூடாத குழாய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சளும் பச்சையுமாகப் பித்தம் கசிந்து வயிற்றுக்குள் பரவியது. எங்கோ ஒரு மணி விடாமல் அடித்தது. பிறகு எல்லாம் இருண்டு, கறுப்புத் திரையில் ‘சித்தியடையவில்லை’ என்று ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன.

செத்தது யாருமில்லை. வெட்டுப்பட்டது கொம்பியூட்டர் வரைந்த வயிறு. ஆனாலும் ஹெட்செட்டைக் கழற்றியபோது அவளுடைய முகம், உண்மையாகவே ஒரு ஆளைக் கொன்றுவிட்டு வந்தவளின் முகம் மாதிரித்தான் இருந்தது. பயிற்சி நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த டொக்டர் கஜீவன் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினார். அதை வாங்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கமராவை உள்ளே விட்டுப் பித்தப்பையை எடுக்கும் ஒப்பரேஷனைத் தனியே செய்யப் போகிறவர்களை முதலில் சிமியுலேட்டரில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பயிற்சி நிலையத்தில் சட்டம் வந்து கன காலமில்லை. ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் ஒரு முழு ஒப்பரேஷன் தியேட்டரே கண்முன் வந்துவிடும். மேலே விளக்கு, நடுவில் கட்டில், கட்டிலில் பச்சைத் துணி போர்த்திய நோயாளி, எதிர்ப்பக்கத்தில் முகக்கவசம் போட்ட ஒரு உதவியாளர். கையில் பிடிப்பது மட்டும் உண்மையான ஆயுதம்: குழாயை இறுக்கி அடைக்கும் கிளிப், வெட்டும் கத்தரி, கொழுப்பை உரிக்கும் கொக்கி. கை எவ்வளவு தூரம் அலைந்தது, எந்த இடத்தில் தயங்கியது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று ஒன்றையும் விடாமல் மெஷின் பதிந்துகொள்ளும். பயிலுநர் ஒருவருக்கு மூன்று தடவை இடம் கொடுப்பார்கள். மூன்றிலும் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சத்திரசிகிச்சைப் படிப்பு அதோடு முடிந்தது. வேறு பிரிவு பார்த்துப் போகலாம்.

சுரேகாவுக்கு இது இரண்டாவது. முதல் தடவை ஒரு பிழையும் விடவில்லை, ஆனால் நேரம் போதாமல் போய்விட்டது. இரண்டாம் தடவை நேரம் கிடந்தது. குழாயை வெட்டித் தொலைத்துவிட்டாள்.

“இதை ஒருக்காப் பாருங்கோ,” என்று கஜீவன் தன் கொம்பியூட்டரை அவள் பக்கம் திருப்பினார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், அவளைவிடக் கொஞ்சம்தான் மூப்பு. நக்கல் தெரியாத மனிதர். திரையில் அவளுடைய தலை அசைந்த வழி ஒரு சிவப்புக் கோடாக ஓடியது. “ஒவ்வொரு கிளிப் போடுறதுக்கு முன்னாலயும் உங்கட தலை கமராத் திரையை விட்டிட்டு எதிர்ப்பக்கம் திரும்புது. முதல் தடவையும் அப்பிடித்தான். ஆரைப் பார்க்கிறீங்கள்?”

அவள் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்தாள்.

“அங்க ஒருத்தரும் இல்லையே. அந்த உதவியாளர் பொம்மை மட்டும்தான் நிக்குது.”

“அது தலையாட்டினது,” என்றாள் சுரேகா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

கஜீவன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு அவர் முகத்திலேயே தெரிந்தது. “அது சும்மா மூச்சு விடுற மாதிரிக் காட்டுறதுக்கு அசையப் பண்ணி வைச்சது. இடைக்கிடை தலை கொஞ்சம் குனியும். ஒரு அர்த்தமும் இல்லை.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அது ஓம் எண்டு சொன்னதெண்டு நினைச்சா வெட்டினீங்கள்?” என்று கேட்டார்.

ஓம், அப்படித்தான் வெட்டினாள். உயர்தரப் பரீட்சையில் இலங்கைத் தீவிலேயே முன்வரிசையில் வந்து, மருத்துவபீடம் முடித்து, ஆயிரம் இரவு கண்விழித்த ஒரு டொக்டர், கார்ட்டூன் பொம்மை தலையாட்டியதை உத்தரவென்று எடுத்துக் குழாயை வெட்டிவிட்டாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவரும் டொக்டர் சவுந்தரநாயகத்தின் தியேட்டரில் நின்று பார்த்ததில்லை.

சவுந்தரநாயகம் அவளுடைய யூனிட் தலைவர், வார்டில் எல்லோருக்கும் ‘சேர்’. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருக்கிறவர், யாழ்ப்பாணத்து மனிதர். அவருடைய கை ராசியான கை என்று தெஹிவளை, கல்கிசை வரைக்கும் பேர். அவருக்குக் கோபம் வராது, ஏச மாட்டார், ஆயுதம் தூக்கி எறிய மாட்டார். அப்படிப்பட்டவருக்குத்தான் ஆட்கள் கூடுதலாகப் பயப்படுவார்கள் என்பது அவருடைய வார்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அவருடைய தியேட்டரில் ஒரே ஒரு சட்டம்: அவர் ‘ம்’ சொல்லாமல் எவரும் கிளிப் போடக்கூடாது, வெட்டக்கூடாது. பயிலுநர் குழாயைத் துப்புரவாக்கி எடுத்து, நிறுத்தி, தலையை நிமிர்த்தி எதிரே நிற்கும் அவரைப் பார்க்க வேண்டும். அவர் தாடையை ஒரு அங்குலம் தாழ்த்தி, மூக்காலே ‘ம்’ என்பார். அந்த ஒற்றை ‘ம்’முக்காகத்தான் பிள்ளைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அது வந்தால் கை தானாக ஓடும். வராவிட்டால் அப்படியே நிற்க வேண்டும், நாள் முழுக்க என்றாலும்.

சுரேகா அவரிடம் வந்த நாளிலிருந்து அவளுடைய ஒரு நோயாளிக்கும் பழுது வந்ததில்லை. ‘சேருடைய கை’ என்றே அவளை மற்றவர்கள் சொல்வார்கள். அதை அவள் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள். கை அவளுடையது, தலை அவருடையது என்று அதற்கு அர்த்தம் வரும் என்பது அவளுக்கு அப்போது படவில்லை.

ஒரு பக்கம் பார்த்தால் சேரை மட்டும் குற்றம் சொல்லவும் ஏலாது. தலையசைப்புக்குக் காத்திருப்பதில் அவள் அவரிடம் வருவதற்கு முன்னமே தேறிவிட்டிருந்தாள். கொழும்பில், கொட்டாஞ்சேனையில், சண்டைக் காலத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அவள். பள்ளிக்கூட பஸ்ஸை மறித்து ஏறும் ஆமிக்காரனிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, அவன் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து முடித்துத் தலையை அசைக்கும் வரை கையை மடியில் வைத்தபடி அசையாமல் இருக்க வேண்டும். பையைத் திறவென்றால் திறக்க வேண்டும். மூடு என்று சொல்லும் வரை மூடக்கூடாது. அவசரப்பட்டு மூடின ஒரு அக்காவை இறக்கி வைத்துக்கொண்டதை அவள் கண்ணால் பார்த்தவள். அப்பா செபஸ்தியன் துறைமுகத்தில் வேலை செய்து, அவள் சின்னவளாயிருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா றோஸி வீட்டிலிருந்து பட்டிஸும் கட்லட்டும் செய்து கடைகளுக்குக் கொடுத்து அவளைப் படிப்பித்தாள். மகள் பட்டிஸின் ஓரத்தை மடித்தாலும், “சரியா அம்மா?” என்று காட்டாமல் எண்ணெயில் போட மாட்டாள். சொல்வழி கேட்கிற பிள்ளை என்று ஒழுங்கை வீடுகள் முழுக்க நல்ல பேர். சொல்வழி கேட்கிற பிள்ளைகளுக்குத்தான் இந்த உலகத்தில் எவ்வளவு பாராட்டு!

இரண்டாம் முறை தவறிய அன்று றோஸி மகளின் முகத்தைப் பார்த்தே விஷயத்தை விளங்கிக்கொண்டாள். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து எதிரே இருந்தாள்.

“என்ன மகள், இந்த முறையும் இல்லையா?”

“இல்ல அம்மா.”

“மெஷினுக்கு என்ன தெரியும்? சேர்ட்ட சொல்லு. அவர் ஒரு சொல்லுச் சொன்னா விட்ருவாங்க.”

“அவர் சொல்லி ஒண்டும் ஆகாது. இன்னும் ஒரு தடவைதான் இருக்கு. அதுவும் போச்செண்டா எல்லாம் போச்சு.”

மகளுக்கு முப்பத்து மூன்று வயது. கல்யாணப் பேச்சையெல்லாம் ‘படிப்பு முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டு வந்தவள் றோஸிதான். இப்போது அந்தப் படிப்பே கைநழுவப் பார்க்கிறது. அன்றைக்குச் சுட்ட கட்லட்டெல்லாம் கருகிப்போயின. ஒருவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

சேரிடம் போய்ப் பேச வேண்டும் என்று சுரேகா முடிவெடுத்தாள். சிபாரிசு கேட்க அல்ல. இனித் தியேட்டரில் எனக்கு ‘ம்’ சொல்ல வேண்டாம், பிழையாகப் போனால் மட்டும் தடுங்கள், மற்றபடி என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்பதற்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போகும் வழியெல்லாம் அந்த வசனத்தை மனப்பாடம் செய்தாள். ‘சேர், ஒரு சின்ன விஷயம்.’ இல்லை, ‘சேர், கோபிக்கக்கூடாது.’ இல்லை, இல்லை.

சேரின் மனைவி கனகேஸ்வரி கதவைத் திறந்து, “வாரும் பிள்ளை,” என்று உள்ளே இருத்தி, தேத்தண்ணி கொடுத்தார். சேர் சாரம் உடுத்தபடி பல்கனியில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோப்பையோடு எதிரே போய் இருக்கும்போது கீழே கடலோரம் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது.

“கேள்விப்பட்டனான்,” என்றார் சேர். “என்ன நடந்தது?”

அவள் பொம்மைக் கதையைச் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். சேர் முதலில் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே குறைவு. பிறகு சிரிப்பு நின்றுபோனது.

“இது வீடியோ கேம், பிள்ளை. முப்பது வருசமா நான் ஒப்பரேஷன் செய்யிறன். என்ர ஆசிரியரும் தலையாட்டித்தான் எனக்குப் பழக்கினவர். ஒரு ஆளுக்கும் பழுது வரேல்ல. இப்ப ஒரு பொம்மையை வைச்சு, என்னட்டப் படிச்ச பிள்ளைக்கு யோசிக்கத் தெரியாதெண்டு சொல்லுகினமோ?”

“அப்பிடிச் சொல்லேல்ல சேர்.”

“அப்பிடித்தான் அர்த்தம்.”

அவருக்குச் சுட்டுவிட்டது. அதைப் பார்த்ததும் அவள் மனப்பாடம் செய்து வந்த வசனம் செத்துப்போனது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தன்மீதே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

“அடுத்த முறை நான் வாறன்,” என்றார் சேர் எழுந்தபடி. “யூனிட் தலைவர் இருந்து பார்க்கலாம். நான் அங்க இருந்தா உமக்குத் தைரியமா இருக்கும்.”

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. “ஓம் சேர்,” என்றாள். படியிறங்கி வீதிக்கு வந்த பிறகு தன் தலையில் தானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கேட்க முடியாததைத் தானே பழகிக்கொள்வது என்று அதன்பிறகு இறங்கினாள். வார்டு வேலை முடிந்ததும் பயிற்சி நிலையத்துக்குப் போய், கஜீவன் கதவைப் பூட்டும் வரை மெஷினில் நின்றாள். பொம்மையை எடுத்துவிட முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். “எல்லாருக்கும் ஒண்டுதான், உங்களுக்கு மட்டும் எடுக்கேலாது,” என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு வழி காட்டினார். வெட்டுவதற்கு முன், கண் என்ன காண்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டுதான்: ஒரு குழாய், ஒரு இரத்த நாடி. அந்த இரண்டும் முழுசாகத் தெரிந்து, அவற்றுக்குப் பின்னால் ஈரல் தெரிந்தால் வெட்டலாம். மூன்றாவதாக ஏதாவது தெரிந்தாலோ, ஒன்று எங்கே போகிறது என்று தெரியாவிட்டாலோ, வெட்டக்கூடாது. “பதில் மற்ற ஆளின்ர தலையில எழுதியிருக்கிறதில்லை, உங்கட கண்ணுக்கு முன்னால கிடக்கு,” என்றார்.

கேட்பதற்கு எவ்வளவு சுலபம்! முதல் நாட்களில் வாய் ஒன்றைச் சொல்லும், தலை தன் பாட்டில் திரும்பும். பொம்மை குனிந்தால் கை முன்னே போகும். கழுத்தைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல், அவள் தன் கீழ் உதட்டைக் கடித்து நிறுத்தினாள். மெல்ல மெல்லச் சிவப்புக் கோடு நேராகத் தொடங்கியது. சரி, ஓரளவுக்காவது வந்துவிட்டது என்று அவள் மூச்சுவிட்ட நேரத்தில் பரீட்சை நாளும் வந்தது.

பரீட்சைச் சபையிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். சிங்களப் பெண்மணி, கண்டிப்பானவர், ஆங்கிலத்தில் அளந்து பேசுவார். பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று ஒரு தடவை சொன்னார். சவுந்தரநாயகம் இஸ்திரி குலையாத சேர்ட்டோடு சுவரோரத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு இருந்தார். மெஷின் காட்டுவதெல்லாம் சுவரில் ஒரு பெரிய திரையிலும் தெரியும். அவர் அதைப் பார்த்தபடி இருந்தார். சுரேகா அவரைப் பார்க்காமல் போய் ஹெட்செட்டை மாட்டினாள். றோஸி காலையில் நெற்றியில் போட்டுவிட்ட சிலுவை அடையாளத்தை நினைத்துக்கொண்டாள்.

விளக்கு. கட்டில். பச்சைத் துணி. எதிரே பொம்மை.

மெஷின் கொடுத்த வயிறு நல்ல வயிறாக இல்லை. பித்தப்பை பழைய வீக்கத்தில் சுருங்கி, கொழுப்போடு ஒட்டிக்கிடந்தது. இழுத்தால் எல்லாம் சேர்ந்து வந்தது. அவள் கொக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். ஒரு இடத்தில் இரத்தம் பொங்கித் திரை சிவந்தது. அழுத்திப் பிடித்தாள், நின்றது. நேரம் ஓடுவதைக் காட்டும் இலக்கங்கள் மூலையில் பச்சையாக இருந்து மஞ்சளாகின.

கொழுப்பு விலகி ஒரு குழாய் வெளியே வந்தது. பருமனான, வழுவழுப்பான குழாய். பித்தப்பையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது போலத்தான் இருந்தது. இவ்வளவு பாடுபட்டுத் தேடியது இதைத்தான். கிளிப் போட்டு, வெட்டி, பையைப் பிரித்தெடுத்தால் முடிந்தது. இலக்கங்கள் சிவப்பாகி மினுங்கத் தொடங்கின.

“ஒரு குழாய்,” என்று அவள் வாய்க்குள் சொன்னாள். “நாடி… தெரியேல்ல. பின்பக்கம்… தெரியேல்ல.”

பொம்மை குனிந்தது. அவள் உதட்டைக் கடித்தாள், தலை திரும்பவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அந்த நேரம்தான் அது கேட்டது.

‘ம்.’

கனவில் கேட்டாலும் கண்டுபிடிப்பாள். மூக்கால் வரும், குறுகிய, சந்தேகமே இல்லாத ‘ம்’. சுவரோரத்து நாற்காலியிலிருந்து வந்தது. சேர் பார்த்துவிட்டார். சேர் சரியென்கிறார். அவளுடைய கை, மூளையைக் கேட்காமலே கிளிப் போடும் ஆயுதத்தை முன்னே கொண்டுபோனது. அதன் வாய் திறந்தது. குழாயின் இரண்டு பக்கமும் போய் நின்றது.

அங்கேயே நின்றது.

அந்தக் கணத்தில் அவள் பட்ட பாட்டை எழுதிக் காட்ட முடியாது. முப்பது வருசத்து ராசியான கைக்காரர் சொல்கிறார். நேரம் முடிகிறது. இதுதான் கடைசித் தடவை. அழுத்தினால் போதும். அவர் எத்தனை நூறு தடவை ‘ம்’ என்றிருப்பார், ஒரு தடவையாவது பிழைத்ததா? அழுத்தாமல் விட்டு, பிறகு அவர் சொன்னதே சரியென்று ஆனால்? நேரமும் போய், அவருடைய முகத்தில் முழிக்கவும் முடியாமல் போய்விடும். ஆனால் பின்பக்கம் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான். யார் சொன்னாலும் அது தெரிந்ததாக ஆகிவிடாது.

“இல்லை சேர்,” என்றாள் சுரேகா. “எனக்கு இன்னும் தெரியேல்ல.”

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் கிளிப்பை வெளியே இழுத்துவிட்டுக் கொக்கியை எடுத்தாள். குழாயைத் தொடாமல் அதன் மேல்பக்கத்துக் கொழுப்பை உரித்தாள். இலக்கங்கள் மினுங்கிக்கொண்டே இருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள். போனால் போகட்டும் என்று ஒரு மூர்க்கம் வந்துவிட்டது. ஒரு இழை, இன்னொரு இழை. பித்தப்பையை மெல்லத் தூக்கி மறுபக்கம் திருப்பினாள். அந்தப் பருமனான குழாய் பையில் முடியவில்லை. பையின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, அதைத் தாண்டி, மேலே ஈரலுக்குள் போனது. அது பெரிய பித்தக் குழாய். போன தடவை அவள் வெட்டியதும் அதைத்தான். வெட்டியிருந்தால் இன்றைக்கும் அதே மணி, அதே கறுப்புத் திரை.

உண்மையான குழாய் அதற்கு மேலே, குட்டையாக, கொழுப்புக்குள் ஒளிந்து கிடந்தது. பக்கத்தில் நாடி. இரண்டுக்கும் பின்னால் ஈரலின் தவிட்டு நிறம்.

“ரெண்டுதான்,” என்று இப்போது உரத்துச் சொன்னாள். “பின்னால ஈரல். வெட்டுறன்.”

எவரையும் பார்க்காமல் வெட்டினாள்.

ஹெட்செட்டைக் கழற்றியபோது கண் கூசியது. நேரம் முடிய இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது என்று கஜீவனின் முகம் சொல்லியது. மனிதருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. சுரேகா மேசையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தை ஒரு வாய் விழுங்க முன்னமே பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

“ஒரு விஷயம் இருக்கிறது,” என்றார் ஆங்கிலத்தில். “நடுவில் ஒரு சத்தம் கேட்டது. அதற்கு இவர் பதிலும் சொன்னார். வெளியிலிருந்து உதவி கிடைத்திருந்தால் இந்தத் தடவை செல்லாது. அது என்ன சத்தம் என்று நான் எழுதியாக வேண்டும்.” அவர் சவுந்தரநாயகத்தின் பக்கம் திரும்பினார். “டொக்டர், நீங்கள் தொண்டையைச் செருமினீர்களா?”

எவ்வளவு மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார் பாருங்கள்! ஓம், செருமினேன் என்றால் எல்லோருக்கும் நல்லது. பெரியவரின் மானம் தப்பும். சுரேகா பரீட்சையில் பெற்ற சித்தியும் தப்பும். ஒரு இருமலுக்காக யாரும் பரீட்சையை ரத்துச் செய்யப் போவதில்லை. செருமினேன் என்று சொல்லிவிடட்டும், மாதாவே, என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். உதவி செய்தேன் என்று அவர் வாயால் வந்துவிட்டால், தன் கதை முடிந்தது என்றுதான் அவளுக்குப் பட்டது.

சவுந்தரநாயகம் சுவர்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஜீவன் பதிவை அந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். பருமனான குழாய், அதன் இரண்டு பக்கமும் திறந்த வாயோடு கிளிப். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, அதையே பார்த்தார். அவருடைய காதோரம் சிவந்திருந்தது.

“இல்லை,” என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஒவ்வொரு சொல்லாக. “செருமவில்லை. வெட்டு என்று சொன்னேன். என்னுடைய தியேட்டரில் அப்படித்தான் சொல்வேன். நேரத்தைப் பார்த்தேன், குழாயைப் பார்க்கவில்லை. இவர் என் சொல்லைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் குழாய் போயிருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.”

பேராசிரியை கஜீவனிடம் பதிவை மறுபடி ஓடவிடச் சொன்னார். ‘ம்’ கேட்கிறது, ஆயுதம் நிற்கிறது, பின்வாங்குகிறது, அவளுடைய தலை அசையவில்லை. சிவப்புக் கோடு நேராக ஓடியது. “உதவி கொடுக்கப்பட்டது, ஏற்கப்படவில்லை,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “சித்தி.”

சுரேகாவுக்கு அழுகை வந்தது. சந்தோஷம் பாதி. மீதிப் பாதி, அத்தனை பேருக்கு முன்னால் அந்த மனிதர் தன் வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்ததைப் பார்க்கச் சகிக்காமல் வந்தது. அவர் மேல் இவ்வளவு மரியாதை அவளுக்கு இதற்கு முன் இருந்ததில்லை. முன்பு இருந்தது பயம்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கொரிடோரில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது சேர் அவளைப் பார்க்காமல் பேசினார்.

“நாளைக்கு முதல் கேஸ் நீர் செய்யும். நான் வெளியில இருப்பன்.”

“தியேட்டருக்குள்ள வரமாட்டீங்களா சேர்?” அவளுக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது. “நீங்க நிக்காம நான் ஒரு நாளும் செய்யேல்லையே.”

“இண்டைக்கு நான் நிண்டு என்ன பிரயோசனம்?” என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறியது. “நீர் தனியத்தானே செய்தனீர்.”

லிஃப்ட் வந்தது. அவருக்கு வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால், அந்த வலியை ஆற்றுவதற்காகவே ‘இல்லை சேர், நீங்கள் கட்டாயம் வர வேணும்’ என்று சொல்லியிருப்பாள். அவரும் வந்திருப்பார். அவர் மனம் குளிர்ந்திருக்கும்.

“சரி சேர்,” என்றாள். “தேவையெண்டாக் கூப்பிடுறன்.”